பேய்க் கதைக்கு எந்த மாதம் சீசன்?

12.10.2024, இந்த இணைய இழையில் சேலம் வாசகர் ஒருவரின் கேள்வி

பெண்ணுக்கு ஒன்பது வயது. பள்ளியில் 31-ஆம் தேதி ஹாலோவீன் என்று சொல்லி, பயமுறுத்தும் புத்தகம் ஒன்றைப் படித்துவிட்டு வந்து வகுப்பில் கதையாகச் சொல்ல வேண்டும் என்றிருக்கிறார்கள். தமிழில் சிறுவர்களுக்கு அப்படி ஏதாவது இருக்கிறதா? இல்லை, ஆங்கிலத்திலேயே வாங்கிக் கொடுத்துவிடலாமா?

13.10.2024, ஞாயிறு இரவு

இல்லை.

எட்டு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளை தானாக எடுத்து, பாதியில் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, ஆனாலும் மூடி வைக்காமல் படித்து முடிக்கிற மாதிரி ஒரு தமிழ்ப் புத்தகம் கடைக்குப் போய்க் கேட்டால் கிடைக்காது. நான் கேட்டுப் பார்த்தவள். அஸ்தம்பட்டியில் எங்கள் வீட்டு மாடியில் ஞாயிறுதோறும் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் வந்து உட்கார்ந்து படிக்கிறார்கள். ஆறு வருஷமாக நடக்கிறது. "அத்தை, பேய் புக்கு இருக்கா?" என்று கேட்காத பிள்ளை இதுவரை வந்ததில்லை. கடைக்காரரிடம் கேட்டால் தெனாலிராமனை நீட்டுவார். இன்னும் அழுத்திக் கேட்டால் பெரியவர்களுக்கான பேய் நாவல் ஒன்றை அடுக்கின் அடியிலிருந்து உருவுவார். அட்டையைப் பார்த்தாலே வீட்டுக்குக் கொண்டுபோகிற சாமான் இல்லை என்று தெரிந்துவிடும். இரண்டுக்கும் நடுவில் ஒன்றும் கிடையாது.

ஆங்கிலத்தில் கொட்டிக் கிடக்கிறது. பல் முளைக்காத குழந்தை கடிப்பதற்கென்று தடி அட்டையில்கூடப் பேய்ப் புத்தகம் போடுகிறார்கள். செப்டம்பர் கடைசியிலேயே கடை முகப்பில் பூசணிக்காய் படம் போட்ட அட்டைகள் வந்துவிடும்.

பூசணி என்றதும் சிரிப்பு வருகிறது. நேற்று முன்தினம் ஆயுத பூஜை. ஐந்து ரோடு பக்கம் வண்டியில் வருகிறேன், வழியெல்லாம் குங்குமம் அப்பிய பூசணிச் சில்லு, முன்னால் போன ஸ்கூட்டி ஒன்று வழுக்கி நெளிந்து நிமிர்ந்தது. கட்டுகிற வீட்டு முகப்பில் பல்லைக் காட்டும் அரக்கன் முகத்தைப் பூசணியில் எழுதித் தொங்கவிடுவது நாம். அவர்கள் அதையே குடைந்து உள்ளே விளக்கு வைக்கிறார்கள். ஆரம்பத்தில் அயர்லாந்தில் குடைந்தது பூசணிகூட இல்லை, டர்னிப் கிழங்கு. பூசணி நம்மிடம் இருக்கிறது, புத்தகம்தான் இல்லை. ஆங்கிலத்திலேயே வாங்கிக் கொடுங்கள்.

அதே இரவு, 11.40

தூக்கம் வரவில்லை. சேலத்தில் எந்தக் கடையிலாவது இருக்குமா என்று 'சேலம், ஹாலோவீன், சிறுவர் புத்தகம்' எனத் தேடினேன். வந்து கொட்டியதெல்லாம் இன்னொரு சேலம்! அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இருக்கிற ஊர். 1692-ல் சூனியக்காரிகள் என்று சொல்லி ஆட்களை எரித்த ஊர். இப்போது அக்டோபர் வந்தால் அங்கே திருவிழாக் கூட்டமாம்.

போன வருஷம் எங்கள் மாடிக்கு வரும் ஒரு பெண் கண்ணெல்லாம் விரிந்து ஓடிவந்து, "அத்தை, நம்ம ஊர்ல சூனியக்காரிங்கள கொன்னாங்களாமே, கோட்டை மாரியம்மன் கோயில் பக்கமா?" என்று கேட்டது நினைவுக்கு வருகிறது. இணையத்தில் ஊர்ப் பெயரைத் தட்டி எடுத்த ஞானம். அது வேற சேலம் கண்ணு என்று சொன்னதில் அவளுக்குப் பெரிய ஏமாற்றம்.

14.10.2024

மேலே 'எரித்த' என்று எழுதிவிட்டேன். தப்பு. அந்தச் சேலத்தில் யாரையும் எரிக்கவில்லை. 19 பேரைத் தூக்கில் போட்டார்கள், ஒரு கிழவரைப் பலகைக்கு அடியில் படுக்க வைத்துக் கல் அடுக்கிக் கொன்றார்கள். சூனியக்காரி என்றால் எரிப்பது ஐரோப்பாவில் பல இடங்களில் நடந்தது. அந்தச் சேலத்திலோ ஆங்கிலேயர் சட்டம், அதனால் கயிறு. அந்தக் களேபரம் தொடங்கிய கிராமத்துக்கு இன்றைக்கு டான்வர்ஸ் என்று பெயர். ஊர்ப் பெயரை மாற்றிக்கொண்டு தப்பித்துவிட்டார்கள்.

தொடங்கி வைத்தது இரண்டு சின்னப் பெண்கள், ஒன்பது வயதும் பதினொரு வயதும். ஏதோ பிடித்த மாதிரி கை கால் இழுத்துக்கொண்டு அலறினார்கள். பெரியவர்கள் அதைக் கேட்டுவிட்டு யாரையெல்லாம் பிடிக்கலாம் என்று கிளம்பினார்கள். எல்லாப் பேய்க் கதையையும்விட இதுதான் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. கேள்வி கேட்டவரின் பெண்ணுக்கும் ஒன்பது வயது என்பதால் சொல்லவில்லை!

20.10.2024

முதல் குறிப்பில் 'இல்லை' என்று ஒரே வார்த்தையில் முடித்ததற்கு மூன்று பேர் என்னை உலுக்கி எடுத்துவிட்டார்கள். மூன்று பேரும் சொன்னது ஒன்றேதான். அம்புலிமாமா.

ஒப்புக்கொள்கிறேன். 1947-ல் தொடங்கிய பத்திரிகை. நடுராத்திரியில் சுடுகாடு, தோளில் பிணம், கையில் உருவிய வாள், அந்தப் பிணத்துக்குள்ளிருந்து பேசும் வேதாளம். இதை மாதாமாதம் வீட்டு வாசலில் தபால்காரர் போட்டுவிட்டுப் போனார், அம்மாக்கள் பிரித்துப் படித்துக் காட்டினார்கள், யாரும் "குழந்தைக்கு இதெல்லாமா" என்று கேட்கவில்லை. சங்கர் வரைந்த அந்தப் படம், ராஜா நடக்கிறார், பிணம் தோளில் தொங்குகிறது, பின்னால் மரம். அவர் 2020-ல் காலமானபோது அதே படத்தை எத்தனை பேர் எடுத்துப் போட்டார்கள்! எனக்கு அதில் பிணத்தைவிடக் கீழே கிடக்கும் மண்டையோடுகள்தான் கண்ணில் நிற்கும்.

மூலத்தில் வேதாளம் சொன்னது 25 கதை. மாதம் ஒன்று என்றால் இரண்டே வருஷத்தில் தீர்ந்திருக்கும். அது பாட்டுக்கு வருஷக்கணக்காக ஓடியது, புதிது புதிதாக எழுதிச் சேர்த்தார்கள். வேதாளமே மலைத்திருக்கும்.

இன்று மாடியில் பழைய பைண்டு ஒன்றை எடுத்துப் படித்தேன். ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் நடுவில் கையைத் தூக்கினான். "முருங்கை மரம் சும்மா ஏறுனாலே ஒடிஞ்சிடும் அத்தை. எங்க வீட்டு மரத்துல நான் ஏறி விழுந்து மாவுக்கட்டு போட்டாங்க. பேய் எப்படித் தலைகீழா தொங்கும்?" நியாயம்தானே? 11-ஆம் நூற்றாண்டில் காஷ்மீரத்து சோமதேவர் வடமொழியில் எழுதிவைத்ததில் அது முருங்கை இல்லை, சிம்சபா என்ற வேறு மரம். தமிழுக்கு வந்த வழியில் வேதாளம் மரம் மாறிவிட்டது. பழமொழியும் அதோடு ஒட்டிக்கொண்டது. பையனுக்கு இதைச் சொன்னேன். "அப்ப சரி" என்று மேலே படிக்க அனுமதி கொடுத்தான்.

ஆக, 'இல்லை' என்பதை 'இருந்தது' என்று மாற்றிக்கொள்கிறேன்.

27.10.2024, ஞாயிறு

இன்று எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

போன ஞாயிறு வேதாளத்துக்குக் கிடைத்த வரவேற்பில் எனக்குத் தலை கிறுகிறுத்துப்போய், புதன்கிழமை மாலை பக்கத்து வீட்டுப் பையனும் இன்னும் இரண்டு பேரும் வந்தபோது, எங்கள் அப்பா சொன்ன கதையைச் சொன்னேன். அப்பா ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்தவர். பனிக்காலத்தில் ராத்திரி துரை குதிரையில் வருவார் என்பது அங்கே தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீடுகளில் எல்லாருக்கும் தெரிந்த கதை. குளம்புச் சத்தம் மட்டும் கேட்கும். டக், டக், டக். வாசல்வரை வந்து நிற்கும். ஆள் எண்ணுவார். அவர் காலத்துச் செக்ரோலில், அதாவது கூலிக்கான பேர்ப் பதிவேட்டில், இல்லாத பேர் வீட்டுக்குள் இருந்தால் கதவைத் தட்டுவார்.

அந்த 'டக், டக்' இருக்கிறதே, அதை நான் மேசையில் விரலால் தட்டிக் காட்டினேன். அப்போது கரண்டும் போனது. நான் ஏற்பாடு செய்ததில்லை, சத்தியமாக.

பையனுக்கு ஏழு வயது. "பயமா இருக்கா, நிறுத்தட்டா?" என்று இரண்டு முறை கேட்டேன். "இல்ல, சொல்லுங்க" என்றான். சொன்னேன். மூன்று இரவு அவன் தூங்கவில்லை. இன்று காலை அவன் அம்மா மாடியேறி வந்துவிட்டார். "ஏங்க்கா, படிக்கத்தான அனுப்புனேன்? ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து, நம்ம பேரு ரோல்ல இருக்கான்னு கேக்கறான்க்கா. எந்த ரோலுன்னு எனக்கு என்ன தெரியும்?" நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். வேறென்ன செய்வது.

பின்னால் யோசித்தபோது ஒன்று நினைவுக்கு வந்தது. ஆங்கில எழுத்தாளர் நீல் கெய்மன் எழுதி 2002-ல் வந்த 'கோரலைன்' என்ற பயமுறுத்தும் கதை சிறுவர்களுக்குத் தாங்காது என்று அவருடைய ஏஜெண்ட் நினைத்தாராம். சோதித்துப் பார்க்க அந்த ஏஜெண்ட் தன் சின்னப் பெண்ணுக்குப் படித்துக் காட்டினார். பெண் பயப்படவே இல்லை என்றாள், புத்தகமும் சிறுவர் நூலாகவே வந்துவிட்டது. வருஷங்கள் கழித்து அந்தப் பெண் உண்மையைச் சொன்னாள். உள்ளுக்குள் நடுங்கிப் போயிருக்கிறாள். பயம் என்று சொல்லியிருந்தால் மீதிக் கதையை நிறுத்திவிடுவார்களே!

நான் கேட்ட கேள்வியே தப்பு. 'பயமா இருக்கா' என்பதோடு 'நிறுத்தட்டா' என்பதைச் சேர்த்துக் கேட்டால் எந்தப் பிள்ளை ஆமாம் என்று சொல்லும்?

31.10.2024, தீபாவளி

கேள்வி கேட்டவருக்கு: பள்ளிக்காரர்கள் காலண்டரைப் பார்க்காமல் தேதி போட்டிருக்கிறார்கள் என்று இப்போதுதான் உறைக்கிறது. இந்த வருஷம் ஹாலோவீனும் தீபாவளியும் ஒரே நாள். நமக்கும் இது ஓர் அரக்கன் செத்த நாள்தான். நான்கு மணிக்கு எழுந்து எண்ணெய் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். தெருவில் போடுகிற வெடிக்கு எந்தப் பேயும் சேலம் எல்லைக்குள் வராது.

2.11.2024

ஏற்காட்டுக்கு அண்ணன் வீட்டுக்கு வந்திருக்கிறேன். இன்று கல்லறைத் திருநாள். சாயங்காலம் கல்லறைத் தோட்டம் முழுக்க சாமந்தியும் மெழுகுவர்த்தியும். பனி இறங்கி, ஒவ்வொரு விளக்கையும் சுற்றி வட்டம் வட்டமாக வெளிச்சம். பிள்ளைகள் கல்லறைகளுக்கு நடுவில் ஓடிப் பிடித்து விளையாடுகிறார்கள். ஒரு சின்னப் பெண் தன் பாட்டி கல்லறைமேல் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள்.

அக்டோபர் 31, அது நாளைக்கு வருகிற சகல புனிதர் திருநாளுக்கு முந்தைய ராத்திரி என்பதால் வந்த பெயர்தான் ஹாலோவீன். புனிதர்களுக்கு மறுநாள் இந்தக் கல்லறைத் திருநாள். மூன்றும் ஒரே கொத்து. நாம் அமெரிக்காவிலிருந்து வந்த பொம்மைப் பேயை வகுப்பில் ஒட்டிக்கொண்டிருக்கிறோம், அதன் சொந்தக்காரத் திருநாள் இங்கே மலைமேல் காலங்காலமாக நடக்கிறது. (திருத்தம்: 'நாளைக்கு' என்று எழுதியிருக்கிறேன். நவம்பர் 1 நேற்றே முடிந்துவிட்டது. 31-க்கு மறுநாள் என்று படிக்கவும். குளிரில் விரலும் ஓடவில்லை, மூளையும் ஓடவில்லை.)

3.11.2024, காலை

துரையைப் பிடித்துவிட்டேன்.

நேற்று ராத்திரி அண்ணன் வீட்டில் படுத்திருக்கிறேன். மழை இல்லை. காற்று இல்லை. வெளியே டக், டக். நாற்பது வருஷத்துக்கு அப்புறம் அதே சத்தம். எனக்கு ஐம்பது ஆகப்போகிறது, ஆனாலும் எழுந்து போய்ப் பார்க்க ஐந்து நிமிஷம் ஆயிற்று. டார்ச் அடித்தேன். வீட்டுக்குமேல் கவிந்திருக்கும் சில்வர் ஓக் மரத்தில் பனி படிந்து, இலை நுனியில் திரண்டு, ஒவ்வொரு சொட்டாகத் தகரக் கூரையில் விழுகிறது. ஒரே சீராக விழுவதில்லை. இரண்டு சொட்டு, ஒரு இடைவெளி, மறுபடி இரண்டு. குதிரை நடைதான். மேகம் மரத்தைத் தொட்டால் மழை பெய்யாமலே மரம் பெய்யும். இங்கே நிழலுக்கு மரம் வைத்துத்தான் காபி வளர்க்கிறார்கள், மரம் இருந்தால் சொட்டு விழும். காபி வந்த நாளிலிருந்தே துரையும் இங்கே வந்துவிட்டார் என்று வையுங்கள். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரைதான் இந்த மலைக்குக் காபி கொண்டுவந்தவர். குதிரையில் வருவது அவரேதானோ என்னவோ!

லைன் வீட்டுக்காரர்களுக்கு இது சொட்டுச் சத்தம் என்று தெரியாமலா இருக்கும்? அப்பாவுக்குத் தெரியாதா? தெரிந்திருக்கும். ஆனால் அவர்கள் பயந்தது செக்ரோலுக்கு. பேர் இல்லாவிட்டால் கூலி இல்லை. அந்தப் பயத்தைக் குதிரைமேல் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். சின்ன வயதில் எனக்கு இது புரியவில்லை, அந்த ஏழு வயதுப் பையனோ நேராக அதையே கேட்டிருக்கிறான், நம்ம பேரு ரோல்ல இருக்கா என்று.

சேலம் போனதும் அவனிடம் சொட்டு விஷயத்தைச் சொல்ல வேண்டும்.

10.11.2024

சொன்னேன். கேட்டுக்கொண்டான். தாம்பாளத்தைக் கவிழ்த்துப் போட்டுச் சொம்பிலிருந்து சொட்டுச் சொட்டாக விட்டும் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சரி அத்தை, இது தண்ணி. அப்ப தொரை எங்க போனாரு?" என்றான்.

பதில் இல்லை.

இந்த இழையில் வேறு ஒருவர், புளியமரத்தடியில் ராத்திரி படுத்தால் பேய் அமுக்கும், அதற்குக் காரணம் மரம் விடும் கரியமில வாயு, முன்னோர்கள் விஞ்ஞானிகள் என்று எழுதியிருக்கிறார். மரம் ராத்திரி விடும் வாயு ஆளை அமுக்கும் அளவுக்கெல்லாம் வராது ஐயா. ஒரே அறையில் இரண்டு பேர் படுத்தால் அவர்கள் விடுவது அதைவிட அதிகம். எல்லாப் பேய்க்கும் விஞ்ஞானச் சட்டை மாட்டினால் பேயும் கெட்டது, விஞ்ஞானமும் கெட்டது. (இதைச் சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறதா? போன குறிப்பில் நானும் அதைத்தானே செய்தேன். சரி, என் சொட்டு கண்ணால் பார்த்தது.)

2.12.2024

ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையேறி, மழையை இங்கே கொண்டுவந்து கொட்டிவிட்டது. ஏற்காட்டுப் பாதையில் மண் சரிந்து கிடக்கிறது. இருபது கொண்டை ஊசி வளைவில் எது எப்படி இருக்கிறதோ. அண்ணனிடம் காலையில் ஒரு நிமிஷம் பேச முடிந்தது. கரண்டு இல்லை. லைன் வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் ஒரே வீட்டில் அடைந்து கிடக்கின்றனவாம், ஒரு பாட்டி ராத்திரி முழுக்கக் கதை சொன்னாராம். "என்ன கதை?" என்று கேட்டேன். "வேறென்ன, பேய்க் கதைதான்" என்றான். வெளியே நிஜமாகவே மலை சரிந்துகொண்டிருக்கும்போது உள்ளே பேய்க் கதை கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். அதற்குள் போன் லைன் அறுந்துவிட்டது.

22.12.2024, மார்கழி

கேள்வி கேட்டவர் மறுபடி எழுதியிருக்கிறார். பள்ளியில் பெண் வேதாளக் கதையைச் சொன்னாளாம், முருங்கை மரச் சந்தேகத்தோடு. வகுப்பே சிரித்ததாம். இப்போது விடுமுறைக்கு என்ன படிக்கலாம் என்கிறார். இன்னுமா பேய்? இன்னும் பேய்தானாம்.

அவசரத்துக்கு ஆங்கிலம்: ஆர்.எல். ஸ்டைனின் 'கூஸ்பம்ப்ஸ்' வரிசை. 1992-ல் தொடங்கியது, முதல் சுற்றிலேயே 62 புத்தகம். சேலத்தில் பழைய புத்தகமாகவே கிடைக்கிறது, எங்கள் மாடியில் பிய்ந்து தொங்குவதெல்லாம் அதுதான். அத்தியாயம் முடியும்போது தோளில் ஒரு சில்லென்ற கை விழும். அடுத்த பக்கத்தைத் திருப்பினால் தம்பி நிற்பான். எல்லாம் இந்த வித்தைதான். அந்த மனிதர் முதலில் பிள்ளைகளுக்கு ஜோக் புத்தகம் எழுதிக்கொண்டிருந்தவர், அதனால் ஜோக்கு எங்கே வெடிக்குமோ அங்கே பேயை வைக்கத் தெரிந்திருக்கிறது. இலக்கியம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் தமிழில் இந்தக் கைத்திறனோடு எழுத ஆள் வேண்டும் என்று ஏங்குகிறேன்.

இங்கிலாந்தில் ஒரு காலத்தில் பேய்க் கதைக்குச் சீசன் அக்டோபரே இல்லை, கிறிஸ்துமஸ்தான். டிக்கன்ஸ் கஞ்சப்பயல் ஒருவனிடம் பேய்களை அனுப்பிய கதை 1843 டிசம்பரில் வந்தது. பொழுது சீக்கிரம் சாயும், குளிர், வெளியே போக முடியாது, அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து கதை. இதை யோசித்தால் ஏற்காட்டுக்கும் டிசம்பர்தான் சரி. பழம் எடுக்கும் சீசன், களத்தில் காபி காய்கிறது, ஆறு மணிக்கே எதிர் வீடு தெரியாது.

இனித் தமிழ். நம்மவர்களிடம் பேய்க்கா பஞ்சம்! கலிங்கத்துப்பரணியை நான் கல்லூரியில் பரீட்சைக்குப் படித்து வெறுத்தவள். இன்று அதிலிருந்து கூழ் காய்ச்சும் இடத்தைப் பிள்ளைகளுக்குக் கதையாகச் சொன்னேன், நிறைய வடிகட்டித்தான். போர் முடிந்த களத்தில் பசியால் ஒட்டிய வயிற்றோடு பேய்கள் கூட்டுச் சமையலுக்கு இறங்குகின்றன. செத்தவர் பல்தான் அரிசி. முரசு உரல், யானைக் கொம்பு உலக்கை. குத்திப் புடைத்துக் கூழ் ஆக்கிப் பந்தி பரிமாறுகின்றன. குருட்டுப் பேய்க்கு ஊற்று, ஊமைப் பேய்க்கு ஊற்று, கூழ் குடிக்கிற மாதிரிக் கனாக் கண்ட பேய்க்கும் ஊற்று என்று ஒரே அமளி. மாடி அதிர்ந்தது. "ஆடிக் கூழா அத்தை?" என்று ஒருத்தி கேட்டாள். அவள் கண்முன் கோட்டை மாரியம்மன் கோயில் வரிசையும் தூக்குவாளியும் வந்திருக்க வேண்டும். ஜெயங்கொண்டார் கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

ஒருவரும் பயப்படவில்லை என்பதுதான் குறை. இது ஏன் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். அத்தனை பேய் ஒன்றாக வந்தால் பயம் வருவதில்லை போலிருக்கிறது. துரை ஒற்றை ஆள்.

23.12.2024

ஒற்றை ஆள் என்றதும் ராத்திரி பொறி தட்டியது. கொல்லிப்பாவை! பழைய சேலம் மாவட்டம்தானே கொல்லிமலை, 1997-ல் அல்லவா நாமக்கல்லோடு போயிற்று. காட்டுக்குள் ஒரு பெண் பதுமை. சிரிக்கும். சிரிப்பில் மயங்கிக் கிட்டே போனவன் திரும்புவதில்லை. சங்கப் பாட்டிலேயே இருக்கிறாள், நற்றிணையில் ஓர் இடத்தில் அவளைச் செய்து வைத்தது பூதம் என்று வருகிறது. தானாக அசையும் பொம்மை! மேல்நாட்டில் இதே சரக்கை வைத்து எத்தனை பொம்மைப் பேய் எடுத்துவிட்டார்கள். எழுபது கொண்டை ஊசி ஏறினால் போய்விடக்கூடிய மலையில் நம்முடையது சும்மா நிற்கிறது. பத்து வயதுக்கு ஏற்ற மாதிரி யாராவது எழுதியிருந்தால் சொல்லுங்கள், நாளைக்கே வாங்குகிறேன்.

12.1.2025

இப்போதைக்கு எங்கள் மாடிச் சட்டம் இது. பேய்க் கதை காலை பதினொரு மணிக்கு மட்டும். மொட்டை வெயிலில். ஏழு வயதுக்குக் கீழே என்றால் முடிவை முதலில் சொல்லிவிட வேண்டும். பெரிய பிள்ளைகள் இதை எதிர்த்துக் கொடி பிடித்தார்கள், "முடிவு தெரிஞ்சா எதுக்கு கேக்கணும்?" சின்னதுகளோ முடிவு தெரிந்த கதையைத்தான் நான்காவது தரமும் கேட்கின்றன. இரண்டு கோஷ்டியாகப் பிரித்துவிட்டேன்.

பயமா இருக்கா என்று இப்போதெல்லாம் கேட்பதில்லை. "இந்த இடத்துல எனக்கு பயமா இருக்கு, யாராச்சும் பக்கத்துல வந்து உக்காருங்க" என்கிறேன். பயந்த பிள்ளை முதலில் வந்து உட்கார்ந்துவிடும், எனக்குத் துணையாக.

27.2.2025

மாசி அமாவாசை, மயானக் கொள்ளை. காளி வேஷம் கட்டியவர்கள் நாக்கைத் துருத்திக்கொண்டு சுடுகாட்டுக்குப் போகிறார்கள், கைக்குழந்தைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு பெண்கள் ரோட்டோரம் நிற்கிறார்கள். குழந்தை வீறிடுகிறது. "சாமிடா, கும்பிடு" என்கிறாள் அம்மா. அழுதுகொண்டே கும்பிடுகிறது. நான் ஏழு வயது, பதினொரு மணி என்று சட்டம் போட்டுக்கொண்டிருக்கிறேன்!

என் சட்டத்தை மாற்றப் போவதில்லை. அந்தக் குழந்தைக்கு இடுப்பு இருந்தது, பிடித்துக்கொள்ள. துரை கதை சொன்ன அன்றைக்கு நான் மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தேன்.

10.8.2025

சேலம் குகைப் பகுதியில் வண்டி வேடிக்கை பார்த்துவிட்டு வந்தேன். எத்தனை வருஷமானாலும் ஆடியில் அதைப் பார்க்காமல் எனக்கு ஆகாது. அலங்கார வண்டி ஒவ்வொன்றிலும் வேஷம் கட்டி ஆடாமல் அசையாமல் நிற்பார்கள், சாமிகளும் அசுரர்களும். பிள்ளைகளுக்குச் சாமியைவிட அசுரன் வண்டிதான் இஷ்டம். மாறுவேஷம், வெளிச்சம், ராத்திரி முழுக்கத் தெருவில் சுற்ற அனுமதி. மிட்டாய் மட்டும் கடையில் காசு கொடுத்து வாங்க வேண்டும்.

எங்கள் மாடியில் பிள்ளைகளே ஒரு கையெழுத்துப் புத்தகம் போட்டிருக்கிறார்கள். அரசுப் பள்ளிகளில் வாசிப்பு இயக்கத்துக்கு நுழை, நட, ஓடு, பற என்று மெல்லிசான புத்தகங்கள் வந்தன அல்லவா, அந்த மாதிரி ஒல்லியாக, ஸ்டேப்ளர் அடித்து. நான்கு கதை. இரண்டு சுமார். ஒன்று கூஸ்பம்ப்ஸை அப்படியே காப்பியடித்தது. ஒன்று மட்டும் நல்ல கதை. துரை குதிரையில் சேலத்துக்கு இறங்கி வருகிறார், அடிவாரத்தில் செக்போஸ்டில் பிடித்துக்கொள்கிறார்கள், அவர் பேர் இவர்கள் நோட்டில் இல்லை. விடிய விடிய "எழுதிக்குங்க, எழுதிக்குங்க" என்று கெஞ்சுகிறார். இதை எழுதியது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. இப்போது அவனுக்கு எட்டு வயது.

5.10.2025

ஒரு திருத்தம். மேலே 27.10.2024 குறிப்பில் பையன் மூன்று இரவு தூங்கவில்லை என்று எழுதியிருந்தேன். இந்த இழையை அவன் அம்மா போனில் அவனே முழுக்கப் படித்துவிட்டான். இரண்டு இரவுதானாம். மூன்றாம் நாள் நன்றாகத் தூக்கம் வந்ததாம், அம்மா பக்கத்திலேயே படுத்திருந்தது பிடித்துப்போய் முழித்துக்கொண்டு கிடந்தானாம். மாற்றச் சொன்னான். மாற்றிவிட்டேன். அவன் அம்மாவுக்கு இது தெரிய வேண்டாம் என்றும் சொன்னான்.